யாருடைய மேசை

நண்பரின் மகனுக்குப் பதினைந்து வயது. லுசேர்ணில் பிறந்தவன். இரண்டாம் உலகப்போரில் சுவிசின் பங்கு பற்றி வகுப்பில் பேசவேண்டுமாம். ஒரு சனிக்கிழமை மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான்.

"மாமா, இது சுகமான தலைப்பு. நாங்கள் சண்டை பிடிக்கேல்லை. நாங்கள் நடுநிலை."

அவன் தயக்கமில்லாமல் 'நாங்கள்' என்றது எனக்குப் பிடித்திருந்தது. இங்கிலாந்தில் முதுகலை படித்துவிட்டுக் கணினி வேலைக்காக இங்கே வந்தவன் நான். கடவுச்சீட்டு கிடைத்த பிறகும் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். 'ஸ்ராட் லுசேர்ண்' என்ற நீராவிக் கப்பல் இன்றும் ஓடுகிறது. 1940 யூலை 25 அன்று தளபதி கிசான் தன் மூத்த அதிகாரிகளை அந்தக் கப்பலில்தான் ரூட்லி புல்வெளிக்கு அழைத்துப்போனார். பிரான்ஸ் விழுந்து ஒரு மாதம். நாற்புறமும் ஹிட்லரும் முசோலினியும். எதிர்த்து நிற்போம் என்று அங்கே சொன்னார். பையன் கப்பலைப் படம் எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து மிச்சத்தைச் சொன்னேன். 1938இல் சுவிசும் யேர்மனியும் பேசி முடித்தபின் யூதர்களின் கடவுச்சீட்டில் 'ஜே' எழுத்துக் குத்தப்பட்டது. 1942 ஓகஸ்ட்டில் எல்லை மூடப்பட்டது. இன காரணத்துக்காக மட்டும் ஓடிவருபவர் அரசியல் அகதி அல்ல என்றார்கள். அதே மாதம் அமைச்சர் வொன் ஸ்ரைகர் நாட்டை ஏற்கெனவே நிறைந்துவிட்ட சிறு உயிர்காப்புப் படகுக்கு ஒப்பிட்டார். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் கொள்ளையடித்த தங்கத்தை நாசிகளிடமிருந்து தேசிய வங்கி வாங்கியது. சென்ட் கலன் பொலிஸ் தலைவர் போல் குருனிங்கர் திகதிகளை மாற்றி எழுதி நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939இல் வேலை போனது. 1972இல் வறுமையில் இறந்தார். 1995இல்தான் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்றது.

"என்ர அப்பாவும் எல்லையால நடந்து வந்தவர்," என்றான். பிறகு, "அப்ப நாங்கள் கூடாதவையோ?"

"அப்பிடித் தொடங்காதை. ஆர், எப்ப, என்ன முடிவெடுத்தவை எண்டு எழுது. இந்த நாடே 1996இல் பெர்ஜியே தலைமையில் ஒரு ஆணைக்குழு வைச்சுத் தன்ர கணக்கைப் பார்த்தது."

கொஞ்ச நேரம் தட்டச்சுச் செய்தவன் தலை நிமிராமலே கேட்டான்: "மாமா, எங்கட சண்டையில நாங்களும் ஆரையாவது வெளிய அனுப்பினமோ?"

இந்த 'நாங்கள்' வேறு. எங்களுக்கு நடந்தவற்றை, 1981இல் எரிந்த நூலகத்தை, 1983ஐ, 2009ஐ, அவன் தமிழ்ப் பள்ளியில் கேட்டிருக்கிறான். அவற்றைச் சொல்ல எனக்கும் தயக்கமில்லை. இதற்கோ தேத்தண்ணி போட எழும்பிப்போனேன்.

திரும்பி வந்து சொன்னேன். 1990 ஒக்ரோபர் 30. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்தது இரண்டு மணித்தியாலம். அந்த மாதம் வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 70,000 பேர் போனார்கள். ரியூசன் கொட்டிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன் அடுத்த வகுப்புக்கு வரவில்லை. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. சில கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு மலிவு விலையில் ஒரு தேக்கு மேசை வந்தது. ஓ.எல். பரீட்சைக்கு அதில்தான் படித்தேன்.

"அது ஆற்றை மேசை எண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் முன்னர் தங்கத்தைப் பற்றி நான் எவ்வளவு உறுதியாகப் பேசினேன் என்பது எனக்கே கேட்டது.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்த மேசையைப் பற்றிக் கேட்டேன். எந்த மேசை என்று கேட்பார் என நினைத்தேன். அம்மா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

"ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது," என்றார். "அப்பாதான் கட்டை வைச்சவர். லாச்சிக்குள்ள ஒரு பிள்ளையின்ர கொப்பி கிடந்தது."