அப்பா வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பையில் என்ன இருக்கணும்?

"புள்ளையோட அப்பா வந்து கேட்டா எதையும் சொல்லிடாதீங்க சார்."

விவாகரத்தான அம்மாக்கள் சிலர் ஓபியில் இப்படிக் கேட்பதுண்டு. அப்பாக்களும் வருவார்கள். "பெத்த அப்பன் சார் நான். என் புள்ளைக்கு என்னன்னு தெரிஞ்சுக்க எனக்கு உரிமை இல்லையா?"

ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு மக்களே. ஆனா நடுவுல நிக்கிறது ஒரு குழந்தை. அதனால இதைக் கொஞ்சம் விரிவா பேசுவோம்.

ஒரு ஞாயிறு மாலை, கேஷுவால்டி டியூட்டி. ஒரு அப்பா மகளைத் தோளில் போட்டு ஓடி வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, அரை மயக்கம். "ஏதாவது நோய் இருக்கா? மாத்திரை, ஊசி ஏதாவது?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், காலைல நல்லாத்தான் வந்தா" என்றார்.

மயங்கி வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் விரல் நுனியில் குத்தி சுகர் பார்ப்போம். 42 காட்டியது. 70க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. உடனே நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தாள்.

மெதுவாகக் கேட்டதும் சொன்னாள். "காலைல அம்மா ஊசி போட்டாங்க. அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

டைப் 1 சர்க்கரை நோய். பெற்றோர் பிரிந்த பிறகு கண்டுபிடித்தது. காலையில் போடும் இன்சுலின் மதியமும் வேலை செய்யும், அந்த நேரத்துக்கு வயிற்றில் சோறு இருந்தாகணும். விஷயம் தெரியாத அப்பா, மகளை ஆசையாக சினிமாவுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். சாப்பாடு தள்ளிப் போய்விட்டது.

பதறி வந்த அம்மா முதலில் கேட்டது, "அவர்கிட்ட ஏன் சார் சொன்னீங்க?" அப்புறம் அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னார். "ஒழுங்கா வளக்கத் தெரியாம நோயாளி ஆக்கிட்டேன்னு கோர்ட்ல சொல்லி புள்ளைய வாங்கிடுவாரோன்னு பயம் சார்."

அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு பேருக்கும் சேர்த்தே ஒன்று சொன்னேன். டைப் 1, மிட்டாய் தின்றதால் வருவதில்லை. அம்மா சரியாகப் பார்த்துக்கொள்ளாததாலும் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதில் யார் மேலயும் குற்றம் இல்லை.

சரி, சட்டம் என்ன சொல்லுது?

பிள்ளை யாரிடம் வளரணும் என்பது கஸ்டடி. பிள்ளைக்காக முடிவெடுக்கும் பாதுகாவலர் என்பது கார்டியன். ரெண்டும் வேற வேற. அம்மாவிடம் கஸ்டடி கொடுத்த மாத்திரத்தில் அப்பாவின் கார்டியன் உரிமை தானாகப் போய்விடாது. கோர்ட் தனியாகச் சொல்லணும். அதே மாதிரி, இந்துக்களுக்கான 1956 சட்டம் அப்பாவை முதலில் சொன்னாலும், அவர் உயிரோடு இருக்கும்போதே அம்மாவும் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எங்களுக்கும் விதி இருக்கு. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரிமை உள்ளவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கணும். அதே விதிகள்தான் நோயாளியின் ரகசியத்தைக் காக்கவும் சொல்கின்றன.

சில நாள் கழித்து அந்த அப்பா மறுபடி வந்தார். இன்சுலின் அளவு, சாப்பாட்டு நேரம், ஆபத்து அறிகுறி எல்லாம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். கடைசியில், "அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு ஓபி சீட்டுல இருக்குமே சார்?" என்றார்.

அதைத் தரவில்லை. பிள்ளையின் உடம்பைப் பற்றிய தகவல் வேற. அம்மாவின் வீட்டு முகவரியும் போன் நம்பரும் வேற. முன்னது பிள்ளையின் உயிரைக் காக்கும். பின்னதை வைத்து எந்த வைத்தியமும் செய்ய முடியாது. முழு ஆவணமும் வேணும்னா, கோர்ட் ஆர்டர் காப்பியோடு ஆர்.எம்.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

பிரிந்து வாழும் பெற்றோருக்கு என் வேண்டுகோள்:

ஒரே ஒரு தாள் போதும். நோயின் பெயர், மருந்தும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஆபத்து அறிகுறி, அப்போது உடனே செய்ய வேண்டியது. டாக்டரிடமே எழுதி வாங்குங்க. பிள்ளை எந்த வீட்டுக்குப் போனாலும் அது பையில் இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவே வேண்டாம், அந்தத் தாள் பேசும். வலிப்பு, ஆஸ்துமா, மருந்து அலர்ஜி உள்ள பிள்ளைகளுக்கும் இதேதான்.

அடி, துன்புறுத்தல் காரணமாக பிள்ளையைப் பார்க்கவே கோர்ட் தடை போட்டிருந்தா அது வேற கதை. ஆர்டர் காப்பியை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் கொடுத்து வைங்க. வாயால் சொன்னால் மட்டும் போதாது, டியூட்டி மாறினால் அடுத்த டாக்டருக்குத் தெரியாது.

கடைசியா ஒண்ணு. "அப்பாகிட்ட சொல்லாத", "அம்மாகிட்ட சொல்லாத" என்று நோயைப் பிள்ளையிடம் ரகசியமாகக் கொடுத்து அனுப்பாதீங்க. தலை சுத்தும்போதும் அது அந்த வாக்கைக் காப்பாத்தத்தான் பார்க்கும்.

தெரிந்தவர்களுக்குப் பயன்படும் என்றால் பகிருங்கள்.