கால்வாயில் ஒரு பூனை வீடு

பூனைக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். அப்படியிருக்க, ஒரு படகு நிறையப் பூனைகள் தண்ணீரின் மேலேயே குடித்தனம் நடத்துகின்றன என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா? ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறவர்கள் வான்கோ அருங்காட்சியகத்துக்கும் ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கும்தான் முதலில் டிக்கெட் தேடுவார்கள். நான் முதலில் விசாரித்தது 'பூஸன்போட்' என்ற பூனைப் படகுக்கு வழி.

சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். டிராம் தண்டவாளங்களைக் கடந்து, மணியடித்தபடி பாய்ந்துவரும் சைக்கிள்களுக்கு ஒதுங்கி, சிங்கல் கால்வாய்க் கரையைப் பிடித்தால் போதும். ஒரு பக்கம் நெட்டையாக, ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும் செங்கல் வீடுகள். மறுபக்கம் வரிசையாகப் படகு வீடுகள். அதில் ஒன்றுக்கு மட்டும் தளத்தைச் சுற்றிக் கம்பி வலை. வலைக்குப் பின்னால் ஒரு வரிப்பூனை உட்கார்ந்துகொண்டு, சுற்றுலாப் படகில் போகிறவர்களை வேடிக்கை பார்த்தது. அவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படகின் கதை 1966-இல் தொடங்குகிறது. ஹென்றியட் ஃபான் வெய்ல்டே என்ற பெண்மணி, தன் வீட்டுக்கு எதிரே மரத்தடியில் ஒண்டியிருந்த ஒரு தாய்ப்பூனையையும் குட்டிகளையும் வீட்டுக்குள் கொண்டுவந்தார். துணைக்கு இன்னொன்று வந்தது. ஊருக்குள் பேச்சுப் பரவ, ஆளாளுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். வீடு, தோட்டம், மாடி என எங்கும் பூனை. நெருக்கடியான அந்த ஊரில் நிலத்துக்கு எங்கே போவது? கால்வாயில்தான் இடம் இருந்தது. 1968-இல் ஒரு பழைய சரக்குப் படகை வாங்கிப் பூனைகளைக் குடியேற்றினார். அதுவும் நிரம்பி, 1971-இல் இரண்டாவது படகு வந்தது. 1987-இல் முறையான அறக்கட்டளையாகப் பதிவானது. 2005-இல் அவர் காலமானார். படகு இன்றும் நன்கொடையிலும் தன்னார்வலர்களின் உழைப்பிலும் நடக்கிறது.

உள்ளே போக நுழைவுக் கட்டணம் கிடையாது. மதியத்தில் கொஞ்ச நேரம் மட்டும் பார்வையாளர்களை விடுகிறார்கள். கிருமிநாசினி வாசனையும் பூனை உணவின் மீன் வாசனையும் கலந்து வந்தன. ஒரு காது கிழிந்த கிழட்டுக் கடுவன், மேசைமேல் இருந்த காகிதத் தட்டில் தன் உடம்பைச் சரியாக அடைத்துக்கொண்டு தூங்கியது. அதன் அடியில் சிக்கிய ஒரு காகிதத்தைத் தன்னார்வலர் பெண்மணி இழுத்துப் பார்த்தார். வரவில்லை, விட்டுவிட்டார். வேறொரு படகு பக்கத்தில் போனபோது தரை லேசாக ஆடியது. நான் கைப்பிடியைத் தேடினேன். பூனைகளில் ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை.

ஏறத்தாழ 50 பூனைகளுக்கு இங்கே இடம் உண்டு. வீடு கிடைக்கும்வரை தங்குபவை பெரும்பாலானவை. ஆயுள் முழுக்க இங்கேயே இருப்பவை கொஞ்சம். அந்தக் கொஞ்சம் ஏன் என்று கேட்டேன். "மனிதக் கையே படாமல் வளர்ந்தவை. அவற்றைத் தொட முடியாது, அனுப்பவும் முடியாது" என்றார் அந்தப் பெண்மணி. பூனைக்குட்டி மனிதரை நம்பக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் பிறந்த இரண்டாம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில் என்கிறார்கள் விலங்கு நடத்தை அறிஞர்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்ற நம் பழமொழி இவற்றுக்கு அப்படியே பொருந்துகிறது.

ஆனால் அதே பழமொழியைச் சொல்லித்தான் வளர்ந்த பூனையையும் நாயையும் வேண்டாம் என்று ஒதுக்குகிறோம். அங்கேதான் கணக்கு இடிக்கிறது. காப்பகத்துக்கு வரும் பெரிய பிராணிகளில் பல, ஏற்கெனவே ஒரு வீட்டில் வாழ்ந்தவை. வளர்த்தவர் இறந்திருப்பார், வீடு மாறியிருப்பார், குழந்தைக்கு ஒவ்வாமை வந்திருக்கும். ஐந்திலேயே வளைந்துவிட்ட பிராணிகள் இவை. மடியில் உட்காருமா, குழந்தைகளைக் கண்டால் ஓடுமா, இன்னொரு பூனையைச் சகிக்குமா என்பதெல்லாம் முன்பே தெரியும். குட்டியிடம் இதில் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

நான் இருந்தபோதே ஒரு முதியவர் வந்தார். பேசி நேரம் வாங்கி வந்தவர் போலிருந்தது. கையில் காலிக் கூடை. தனியாக இருக்கிறீர்களா, தோட்டம் உண்டா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் போல விசாரித்தார்கள். பிறகு அவரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டார்கள். அவரும் எதையும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்து ஒரு நடுவயதுக் கறுப்புப் பூனை வந்து அவர் காலணியை முகர்ந்து, முழங்காலில் கன்னத்தைத் தேய்த்தது. "இவ்வளவு போதும், இன்னொரு முறை வந்து பார்க்கிறேன்" என்று எழுந்தார். குட்டி ஏன் கேட்கவில்லை என்றேன். "எனக்கு இந்த வயதில் திரைச்சீலையில் ஏறுகிற ஆள் வேண்டாம். கூட உட்கார்ந்திருக்க ஒரு ஆள் போதும்" என்று சிரித்தார்.

லண்டனில் பிரதமர் இல்லமான டௌனிங் தெரு 10-இல் இருக்கும் லாரியும் இப்படி வளர்ந்த பிறகு போன பூனைதான். பாட்டர்ஸீ காப்பகத்திலிருந்து 2011-இல் எடுத்துப்போனபோது அதற்கு வயது ஏறத்தாழ நான்கு. அதன் பிறகு பிரதமர்கள் வந்துவந்து போனார்கள். லாரி வீட்டைக் காலி செய்யவில்லை.

வளர்ந்த பூனையைக் கொண்டுவந்தால் முதல் சில நாள் கட்டிலடியிலேயே கிடக்கும். இழுக்காதீர்கள். ஒரே அறையில் தண்ணீரும் உணவும் மணல் தட்டும் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். அது பார்க்கும்போது கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். அப்படிச் செய்பவரிடம் பூனை நெருங்கி வருகிறது என்று சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020-இல் சொன்னது. காசு செலவில்லாத வித்தை.

பிராணி வளர்க்கும் ஆசை இருந்தால், கடைக்குப் போகும் முன் பக்கத்தில் உள்ள காப்பகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். குட்டிகள் இருக்கும் கூண்டைச் சுற்றி எப்போதும் கூட்டம் இருக்கும். அதைத் தாண்டிப் போய், பெரியவை இருக்கும் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்.