நான்காம் பாகம் எப்போது?

“அந்த ஆளு ஏமாத்திட்டார் தாத்தா. நாலாவது பாகம் வரவே வராது” என்றாள் என் பேத்தி. ஸ்காட் லிஞ்ச் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றித்தான் பேச்சு. எனக்கு அவருடைய முதல் நாவலைப் படிக்கக் கொடுத்தவளே அவள்தான். அவள் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் ‘ஏமாத்திட்டார்’ என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

லிஞ்ச் 1978-ல் மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பிறந்தவர். எழுத்தாளராவதற்கு முன் உணவகத்தில் பாத்திரம் கழுவியிருக்கிறார், மேசை மேசையாகப் பரிமாறியிருக்கிறார். விஸ்கான்சினில் தன்னார்வத் தீயணைப்பு வீரராகவும் இருந்தார். அந்தப் பக்கத்துச் சிற்றூர்களில் தீயணைப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்களே. அழைப்பு வந்ததும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அப்படிப்பட்டவர் எழுத எடுத்துக்கொண்டதோ திருடர்களையும் எத்தர்களையும்.

2006-ல் வந்த ‘தி லைஸ் ஆஃப் லாக் லமோரா’தான் அந்த முதல் நாவல். காமோர் என்று ஒரு கற்பனை நகரம். வெனிஸ் மாதிரி எங்கு பார்த்தாலும் கால்வாய். என்றோ மறைந்துபோன ஓர் இனம் விட்டுச்சென்ற கண்ணாடிக் கோபுரங்கள் நகரத்தின் மேல் நிற்கின்றன. பொழுது சாய்ந்ததும் அந்தக் கண்ணாடி தானாகவே ஒளிவிடும். அந்த ஊரின் அநாதைப் பையன் லாக். அவனை விலைக்கு வாங்கி வளர்ப்பவர் செயின்ஸ் என்கிற பூசாரி. கண்ணில்லாதவர் போல, தம்மைக் கோயில் சுவரோடு சங்கிலியால் பிணைத்துக்கொண்டு காணிக்கை வாங்குகிறவர். உண்மையில் கண் இரண்டும் நன்றாகத் தெரியும். கோயிலுக்கு அடியில் ரகசியமாக ஓர் அருமையான வீடும் உண்டு. அங்கே பையன்களுக்குச் சமையல், பிற மொழிகள், கணக்கு, பெரிய மனிதர் வீட்டுப் பந்தியில் உட்காரும் முறை எல்லாம் கற்றுத் தருகிறார்.

என்னை இந்தக் கதையில் பிடித்து நிறுத்தியது தொடக்கத்தில் வரும் ஒரு சம்பவம். செயின்ஸிடம் வருவதற்கு முன்பே, சின்னஞ்சிறு வயதில், லாக் ஒரு தந்திரம் செய்கிறான். தன்னைவிட மூத்த பையன் ஒருவன் மேல் பழி விழும்படி ஒரு காசை மறைத்து வைக்கிறான். அதனால் உயிர்கள் போகின்றன. அதற்காக லாக்கையும் கொன்றுவிட அனுமதி வாங்கியாகிவிட்டது. அந்த அனுமதிக்கு அடையாளம் ஒரு சுறாப் பல். செயின்ஸ் பையனை அடிக்கவில்லை, விரட்டவும் இல்லை. அந்தப் பல்லை அவன் கையில் கொடுத்து, இறந்தவர்களுக்கான காணிக்கையை நீயே சேர்த்துச் செலுத்தும் வரை இதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிரு என்கிறார். செத்தவர்களுக்கு நீ கடன்பட்டிருக்கிறாய் என்பதை ஒரு திருட்டுக் குரு பிள்ளைக்குச் சொல்லித் தரும் விதம் இது. பிள்ளை வளர்த்தவன், மாணவர்களுக்குப் பாடம் சொன்னவன் என்ற முறையில் சொல்கிறேன்: தண்டனையைப் பற்றி நான் படித்தவற்றில் இவ்வளவு பொறுமையான இடம் குறைவு.

வளர்ந்தபின் லாக் செய்யும் பெரிய எத்தும் சாமான்யமானதல்ல. வெளியூர் மது வியாபாரி வேடத்தில் டான் சால்வாரா என்ற பிரபுவிடம் பணம் கறக்கிறான். பிறகு அவனே டியூக்கின் ரகசியக் காவல் அதிகாரியாக வேடம் மாற்றி அதே பிரபுவின் வீட்டுக்குப் போகிறான். “உங்களிடம் வருகிற வியாபாரி ஒரு திருடன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், கேட்கிற பணத்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்” என்ற பொருள்படப் பேசிவிட்டு வருகிறான். இன்று தொலைபேசியில் போலீஸ் என்று மிரட்டி, முதியவர்களின் சேமிப்பைச் சுருட்டுகிறவர்களின் வித்தையும் இதற்கு உறவுதான். காப்பாற்ற வந்தவன் என்று நம்பிவிட்டால் பணத்தை நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். என் வயது நண்பர்களுக்கு இந்தக் கட்டத்தைக் கதையாகவே சொல்லி எச்சரித்திருக்கிறேன்.

லாக் சண்டையில் கெட்டிக்காரன் இல்லை. அடிதடி என்று வந்தால் அவன் நம்பியிருப்பது ஜீன் என்ற நண்பனை. மூக்குக் கண்ணாடி போட்ட, பருத்த உடம்புக்காரன். வியாபாரி வீட்டுப் பிள்ளை. அவன் வந்து சேரும்வரை எதிரியின் காலைக் கட்டிக்கொண்டு தொங்குவதுதான் லாக்கின் வீரம். ஊருக்கெல்லாம் நாமம் போடுகிற இந்த இருவரும் ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை.

ஏழு பாகங்களாகத் திட்டமிட்ட வரிசை இது. இரண்டாவது 2007-லேயே வந்துவிட்டது. மூன்றாவது வர 2013 ஆயிற்று. நான்காவதுக்கு ‘தி தார்ன் ஆஃப் எம்பர்லெய்ன்’ என்று பெயர்கூட அறிவித்தார்கள். நான் இதை எழுதும்வரை அது வரவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் தம்மை ஆட்டிவைத்ததை லிஞ்ச் தாமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நோயைச் சொல்லக் கூசுகிற உலகத்தில் அதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

நான் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வாரப் பத்திரிகைத் தொடர்கதைக்காக எல்லோரும் காத்திருப்போம். ஒரு வாரம் கதைக்குப் பதில், ஆசிரியருக்கு உடல்நலமில்லை என்று கட்டம் கட்டிய சிறு அறிவிப்பு வந்தது. அடுத்த வாரமும் அதே. அப்பா ஒரு கார்டு எடுத்து எழுத உட்கார்ந்தார். “அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சான்னு கேளுங்கப்பா” என்று நான் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். கதையில் அப்படியொரு கட்டத்தில் விட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. “முதல்ல மனுஷன் எழுந்து உட்காரட்டும்டா” என்றார் அப்பா. கார்டில் கதையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று மட்டும் விசாரித்திருந்தார். முன்பின் பார்த்தறியாத மனிதருக்கு!

பேத்தியிடம் இதைச் சொன்னேன். கொடுக்கிற எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பவன்தான் ஏமாற்றுக்காரன். கொடுக்க நினைத்து, உடம்போ மனமோ ஒத்துழைக்காமல் நிற்கிறவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நாம் காசு கொடுத்து வாங்கிய மூன்று புத்தகங்களும் நம் கையில் முழுசாக இருக்கின்றன.

ஆங்கிலத்தில் படிக்கிறவர்கள் முதல் நாவலிலிருந்து தொடங்குங்கள். அது எடுத்துக்கொண்ட கதை அதிலேயே முடிந்துவிடுகிறது, பாதியில் விட்ட தவிப்பு இருக்காது. பிடித்திருந்தால் அவருக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். நான்காம் பாகம் எப்போது என்று மட்டும் அதில் கேட்காதீர்கள்.