கைக்கு வந்த வேலை

மகளுக்கு ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. கடுமையான கீமோ கட்டங்கள் முடிந்து இப்போது மெயின்டெனன்ஸ் நடக்கிறது. வார்டுக்குப் புதிதாக வரும் பெற்றோர் என்னிடம் கேட்பது, “எப்படித் தாங்குறீங்க?” என்றுதான். கைக்கு வேலை இருக்கிறது, அதுதான் என்னை நிறுத்தி வைக்கிறது. அந்த வேலையைப் பற்றிச் சொல்ல முடியும்.

என் குரு வார்டின் மூத்த சிஸ்டர். மகளின் கையில் மருந்து ஏற்றும் குழாயான பிக் லைன் போட்டதும் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். குழாய் முனையை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்ப்பார். உடனே சிரிஞ்சை மாட்டமாட்டார், காயும்வரை காத்திருப்பார். “ஈரத்தோட மாட்டினா துடைச்சதே வீண்மா” என்பார். சலைனைக் கொஞ்சம் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளுவார். அப்படி விட்டுவிட்டுப் போனால்தான் குழாயின் உட்புறம் கழுவப்படும். எப்போதும் 10 மி.லி. சிரிஞ்ச்தான். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடிக் குழாய் கிழியலாம். கட்டைவிரலுக்குத் தடை தெரிந்தால் அங்கேயே நிறுத்திச் சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். எவ்வளவு தடை வந்தால் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுக்க முடியாது. அவர் விரலையே பார்த்துப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

இப்போது லைன் எடுத்தாகிவிட்டது, வீட்டில் மாத்திரைகள்தான். 6-எம்.பி. தினமும் இரவில். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள். இரண்டும் மஞ்சள் நிறம், அதனால் தனித்தனிப் பெட்டி. 1948-இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் மெத்தோட்ரெக்ஸேட் குடும்பத்து மருந்தைக் கொடுத்துத்தான் பிள்ளைகளின் நோய் சில மாதங்களாவது பின்வாங்கியதைக் காட்டினார் என்று டாக்டர் சொன்னார். சந்தோஷம். ஆனால் நாம் மறக்கக்கூடாதது ஒன்றுதான்: வாராந்திர மாத்திரையைத் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. கிழமையைப் பெட்டி மேல் பெரிதாக எழுதுங்கள். பாதியாக உடைக்கும்போது கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். கசக்கிறதென்று பிள்ளைக்குப் பிடித்த பண்டத்தில் ஒளித்துக் கொடுக்காதீர்கள். பிறகு அந்தப் பண்டத்தையே பிள்ளை வெறுத்துவிடும்.

காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிய பாடம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் நேரம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். அதற்கு முன் பாராசிட்டமால் கொடுத்தால் சூடு இறங்கும், கிருமி உள்ளே வேலையைத் தொடரும். கிருமியோடு போராடும் நியூட்ரோபில் அணுக்களின் கவுன்ட் 500-க்குக் கீழே இருக்கும்போது காத்திருக்க நேரமே கிடையாது. அதனால் பை எப்போதும் தயாராகக் கதவருகே இருக்கும்: ஃபைல், கடைசி ரத்த ரிப்போர்ட், மாற்றுத் துணி, ஆட்டோவுக்குச் சில்லறை. பள்ளியிலோ தெருவிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்து, பிள்ளை அவர்களோடு விளையாடியிருந்தால் கொப்புளம் வரட்டும் என்று இருக்காதீர்கள், அன்றே சொல்லுங்கள்.

ஸ்டீராய்டு நாட்களில் நடுராத்திரியில் பருப்புச்சாதம் கேட்பாள், அப்பளம் இல்லையென்றால் அழுவாள். அந்த அழுகை மருந்துடையது என்று புரிந்த பிறகு என் குரல் தானாகத் தணிந்தது. குக்கரில் கொஞ்சம் பருப்பை எடுத்து வைத்துவிட்டே படுக்கிறேன்.

கடைசியாக நோட்டு. தேதி, கவுன்ட், அளவு, கொடுத்த நேரம், வாந்தி எடுத்தாளா, காலில் வலி சொன்னாளா எல்லாம் அதில் ஏறும். வின்கிறிஸ்டின் போட்ட பிறகு பாதம் தொங்குகிறதா, மலம் சரியாகப் போகிறதா என்பதையும் எழுதுவேன். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். என் கையெழுத்து தனக்குப் புரியவில்லை என்று என் கணவர் சொன்னதிலிருந்து கட்டம் போட்டு எழுதுகிறேன். எனக்குச் சளி பிடித்தால் நான் மகளருகே போகமுடியாது, அவர்தான் எல்லாம் செய்தாக வேண்டும். அதனால் ஒரு வாரம் அவர் மாத்திரைப் பெட்டியை நிரப்புவார், நான் எண்ணிப் பார்ப்பேன். மறுவாரம் நான் நிரப்ப, அவர் எண்ணுவார்.