பார்க்கலாம்

எங்கள் மாஸ்டடான் சர்வரைவிட்டு அந்தப் பெண் போனது எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. 2024 ஜூலை முதல் வாரம். எதற்காகவோ அவள் பக்கத்தைத் திறந்தேன். படம் மங்கியிருந்தது. இவர் வேறு முகவரிக்கு மாறிவிட்டார் என்று மேலே ஓர் அறிவிப்பு. அவளைப் பின்தொடர்ந்தவர்கள் தானாகவே புது முகவரிக்குப் போயிருந்தார்கள். பதிவுகள் மட்டும் போகவில்லை. மாஸ்டடானில் வீடு மாறினால் எழுதியதெல்லாம் பழைய வீட்டிலேயே கிடக்கும். ஒன்றரை வருடத்துக்கு மேல் அவள் எழுதிய ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள் இன்றைக்கும் என் சர்வரில் இருக்கின்றன.

நான் அவளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவள் கேட்டதற்கு முடியாது என்றும் சொன்னதில்லை. என்ன சொன்னேன் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டும்.

மாஸ்டடானை அறியாதவர்களுக்கு மின்னஞ்சலை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்குக் கடிதம் எழுதலாம் அல்லவா, அதுபோல இதில் ஆயிரக்கணக்கான சர்வர்கள், அவற்றைத் தனித்தனி ஆட்கள் நடத்துகிறார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம், பேசலாம். ஓய்கன் ரோஷ்கோ என்பவர் 2016இல் இந்த மென்பொருளை வெளியிட்டார். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறையை 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு தரமாக ஏற்றது. ஒரு கம்பெனியின் கையில் எல்லோரும் சிக்கிக்கொள்ளாத இணையம். அந்த ஆசையில்தான் 2022 தொடக்கத்தில், நண்பர்கள் நாற்பது பேருக்காக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து நிறுவினேன். முதலாளி இல்லாத வலை என்று நாலு பேர் கூடிய இடங்களில் எல்லாம் பேசினேன். மனதாரத்தான் பேசினேன்.

அந்த வருடம் அக்டோபர் கடைசியில் ட்விட்டர் கைமாறியது. அடுத்த சில வாரங்களில் மாஸ்டடானை மாதா மாதம் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்தார்கள். எங்கள் நாற்பது பேர் முந்நூறு பேரானார்கள். பின்னணி வேலைகளை வரிசை போட்டுச் செய்யும் சைட்கிக் திணறியது. காலையில் எழுதிய பதிவு மத்தியானம் போய்ச் சேர்ந்தது. ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் நின்றுவிட்டது. வெளிச் சர்வர்களிலிருந்து வரும் படங்களின் நகல்கள் இடத்தை எல்லாம் அடைத்திருந்தன. பழைய நகல்களை அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது எல்லாம் ஓடியது. நன்றி சொல்லி எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். திருவாரூர்ப் பக்கம், இன்ஜினியரிங் முதல் வருடம்.

அந்த ராத்திரிதான் என்னை மாற்றியது என்று இப்போது நினைக்கிறேன். நான் இல்லாவிட்டால் இது நின்றுவிடும் என்ற எண்ணம் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரமே மூன்று விதிகள் போட்டேன். புதுக் கணக்கு எதுவானாலும் என் ஒப்புதல் வேண்டும். தானாகப் பதிவு போடும் பாட் வைப்பதானால் முன்கூட்டியே கேட்க வேண்டும். சர்வர் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும் இருக்கும். வெள்ளம் போல ஆட்கள் வந்த நேரத்தில் மூன்றும் தேவைப்பட்டன. வெள்ளம் வடிந்து ஒரு வருடம் ஆன பிறகும் அவை அப்படியே இருந்தன.

2024 மார்ச்சில் அவள் முதல் முறை கேட்டாள். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைத் தினமும் காலை எட்டு மணிக்குப் பதிவிடும் பாட். நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று மூன்றே எண்கள். டெல்டாக்காரர்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பா பேப்பரை விரித்ததும் முதலில் தேடுவது அதைத்தான். அணையின் முழு உயரம் 120 அடி. ஜூன் 12 அன்று திறந்தால் குறுவைக்கு நாற்று விடலாம். "அண்ணா, ஒரு பாட் போடட்டுமா? ஸ்கிரிப்ட் எழுதிட்டேன்" என்று கேட்டிருந்தாள். "நல்ல யோசனைம்மா, பார்க்கலாம்" என்று பதில் போட்டேன்.

ஏப்ரலில் மறுபடி கேட்டாள். எனக்கு ஒரு பயம் இருந்தது. வெள்ள நேரத்தில் தப்பான எண் ஒன்று எங்கள் சர்வரிலிருந்து போய்விட்டால்? நியாயமான பயம். ஆனால் அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. "கொஞ்சம் வேலை இருக்கு, பார்க்கலாம்மா" என்றேன். ஜூனில் மூன்றாவது முறை. அந்த வருடம் தண்ணீர் இல்லாமல் ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. "இப்பதான் அண்ணா ஜனங்க தினமும் தேடறாங்க" என்று எழுதியிருந்தாள். அதற்கும் அதே பதில்.

அவள் போன பிறகு அந்த மூன்று பதில்களையும் வரிசையாகப் படித்தேன். பார்க்கலாம், பார்க்கலாம்மா, பார்க்கலாம். ஒன்றில்கூடக் கடுமை இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போவார்களே, அந்த மரியாதைதான் இருந்தது.

பிறகு தேடிப் பார்த்தால் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், ஐந்நூறு எழுத்து வரம்பைக் கொஞ்சம் கூட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். இன்னொருவர், வெளியே போகாமல் நம் சர்வர்க்காரர்கள் மட்டும் பார்க்கும்படி எழுத வழி உண்டா என்றார். உண்டு, டேரியஸ் கசேமி என்பவர் அதற்காகவே மாஸ்டடானிலிருந்து ஹோம்டவுன் என்று ஒரு கிளையைப் பிரித்து வைத்திருக்கிறார். எனக்கு அது தெரியும். மாற்றினால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் என் ஞாயிற்றுக்கிழமை போகும் என்பதும் தெரியும். இருவருக்கும் பார்க்கலாம் என்றே சொல்லியிருந்தேன். ஆசிரியர் அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. எங்கள் இடம் அமைதியாக இருக்கிறது, சண்டை இல்லை, வம்பு இல்லை என்று நான் பெருமைப்பட்ட மாதங்கள் அவை.

அவளுக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் செய்தேன், ஆனால் பாதிப் பேச்சில் என் பயத்தை விளக்கத் தொடங்கிவிட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "கோபம் ஒண்ணும் இல்லண்ணா. தப்பான நம்பர் போயிடும்னு பயம்னு சொல்லியிருந்தா, முதல் பத்து நாள் ஃபாலோயர்ஸுக்கு மட்டும் தெரியற மாதிரி வச்சிருப்பேன். வேண்டாம்னு சொல்லியிருந்தாகூட அன்னைக்கே வேற இடம் பாத்திருப்பேன். மூணு மாசம் காத்துக்கிட்டு இருந்தேன்ல, அதான்."

அந்த மூன்று மாதத்தை என்னால் திருப்பித் தர முடியாது.

பத்து வருடத்துக்கு மேல் சர்வர் வேலை பார்ப்பவன் நான். அன்றாடம் புரட்டும் ஆவணங்கள் ஆர்எஃப்சி வரிசை. இணையம் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்பவை அவை. முதல் ஆர்எஃப்சியை 1969 ஏப்ரலில் எழுதிய ஸ்டீவ் கிராக்கர் அப்போது ஒரு முதுகலை மாணவர். அதிகாரம் எதுவும் இல்லாத தாங்கள் சட்டம் போடுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான், கருத்துச் சொல்லுங்கள் என்ற பொருளில் அந்தப் பெயரை வைத்தார். யாரும் எழுதலாம், யாரும் மறுக்கலாம். அந்தப் பெயரைப் படித்துப் படித்து வளர்ந்தவன், என் சர்வரின் விதிப் பக்கத்தில் முன் அனுமதி பெற வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன்.

ஆகஸ்டில் மாற்றத் தொடங்கினேன். சின்னதாக இன்னொரு சர்வர் எடுத்து, தமிழ் விக்கிப்பீடியாவில் பழகிப் பார்க்கும் பக்கத்துக்கு வைத்திருக்கும் பெயரையே வைத்தோம்: மணல்தொட்டி. அங்கே யார் எதை உடைத்தாலும் முக்கியச் சர்வருக்கு ஒன்றும் ஆகாது. பாஸ்வேர்டு இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது. அதில் ஒருவர் அந்த ஆசிரியரின் மகள். யாராவது ஒன்றைக் கேட்டால் மூன்று நாளுக்குள் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேட்டவர் செய்துகொள்ளலாம். முதல் இரண்டு மாதம் எனக்கு வயிறு கலங்கியது. ஒரு பாட் கட்டுக்கடங்காமல் ஓடி எல்லோருடைய திரையையும் நிரப்பியது. அதை எழுதிய பையனே அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டு, என்ன நடந்தது என்று எல்லோருக்கும் எழுதினான். ஹோம்டவுனுக்கு மாறினோம். என் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி உண்மையிலேயே போனது. ஆசிரியர் இப்போது நீளமாக எழுதுகிறார்.

ஒன்றை மட்டும் நாங்கள் சோதனைக்கு விடவில்லை. ஒருவரைத் துரத்திச் சீண்டுவதற்கு இடம் கொடுக்கும் எதையும், மணல்தொட்டியில்கூட, அடிபடக்கூடியவர்களைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மாஸ்டடானில் ஒருவர் பதிவை மேற்கோள் காட்டி எழுதும் வசதியை ரோஷ்கோ பல வருடம் தள்ளிப்போட்டதற்கு, கூட்டமாகத் தாக்க அது கருவியாகும் என்ற அச்சம் காரணம். 2025இல் அது வந்தபோது, என்னை யார் மேற்கோள் காட்டலாம் என்று எழுதியவரே தீர்மானிக்கும் வசதியோடு வந்தது. அவர் தன் அச்சத்தை வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அதற்கு விடை தேட மற்றவர்களால் முடிந்தது. என் அச்சம் என் இன்பாக்ஸுக்குள்ளேயே கிடந்தது.

அவள் திரும்பி வரவில்லை. வரச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. போன இடத்தில் நன்றாக இருக்கிறாள். பாட் அங்கே ஓடுகிறது. நான் பின்தொடர்கிறேன். தொடங்கிய வாரத்தில் 40 அடியை ஒட்டித் தள்ளாடிய எண், கர்நாடக அணைகள் நிரம்பித் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் நாளுக்கு நாள் ஏறியது. ஜூலை 28ஆம் தேதி பாசனத்துக்கு அணை திறந்தார்கள். 30ஆம் தேதி அது 120ஐத் தொட்டது. அந்தப் பதிவை அப்பாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"யாரு போடறது?"

சொன்னேன்.

"நம்ம சர்வர்னு சொல்லுவியே, அதுலயா?"

"இல்லப்பா. வேற ஒருத்தரோடது."