குதிரையின் ஊருக்குப் போனேன்

எடப்பாடியிலிருந்து பூலாம்பட்டி போய், காவிரியில் படகு ஏறி நெருஞ்சிப்பேட்டையில் இறங்கி, அம்மாபேட்டை வழியாக பஸ் பிடித்தால் அந்தியூர். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் பண்டிகைக்கு எங்கள் அப்பிச்சி என்னைக் கூட்டிப்போகும் வழி அது. பண்டிகையோடு கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும்தான் அவருக்கு முக்கியம். பர்கூர் மாடுகளைப் பல் பிடித்துப் பார்ப்பார், விலை கேட்பார், வாங்கமாட்டார். எனக்குக் குதிரைகள்தான் எல்லாம். காத்தியவார், மார்வார் இனங்கள், காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற மாதிரி வளைந்து நிற்பவை. நெற்றியில் குஞ்சம், காலில் சலங்கை. மேளத்துக்கு ஏற்பக் கால் மாற்றி ஆடும்.

ஆறு வயதில் அப்படி ஒரு வெள்ளைக் குதிரைமேல் அப்பிச்சி என்னைத் தூக்கி வைத்தார். அந்த நேரம் பார்த்து எங்கோ மேளம் அதிர்ந்தது. என் தொடைக்குக் கீழே அந்தப் பெரிய உடம்பு ஒருமுறை சிலிர்த்தது, அவ்வளவுதான். நான் போட்ட கூச்சலில் உடனே இறக்கிவிட்டார்கள். விழவில்லை, அடிபடவில்லை. ஆனாலும் அந்தச் சிலிர்ப்பு என் காலுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஊர் எல்லையில் முனியப்பன் கோயில் வாசலில் நிற்கும் சுதைக் குதிரையைக்கூட எட்ட நின்றுதான் கும்பிடுவேன்.

நாற்பத்தைந்து வருடம் கழித்து, அதுவும் ஓர் ஆடி மாதத்தில், கிர்கிஸ்தானில் ஒரு குதிரையின் முன்னால் நின்றேன்.

மகன் பிஷ்கெக்கில் மருத்துவம் படிக்கிறான். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படிக்கிறார்கள். நான்கு வருடமாக வீடியோவில் மட்டும் பார்த்த அவனுடைய அறையை நேரில் பார்க்கவேண்டும் என்றுதான் போனேன். அவன்தான் சோங்-கோல் ஏரிக்குக் கூட்டிப்போனான். கோச்கோர் என்ற சிற்றூரைத் தாண்டி, 3,400 மீட்டருக்கு மேல் உள்ள கல்மாக்-அஷூ கணவாயில் ஏறி இறங்கினால் அந்த ஏரி. ஏரியே 3,016 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. நம் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர்தான். சுற்றிலும் ஒரு மரம் கிடையாது, கண் போகிற தூரம்வரை புல். விறகு இல்லாததால் சாணத்தைக் காயவைத்து எரிக்கிறார்கள். கம்பளக் கூடாரத்துக்குள் நுழைந்ததும் அடித்த வரட்டிப் புகை எங்கள் அம்மாயி வீட்டு அடுப்படியை நினைவுபடுத்தியது. கோடையில் மட்டும் மந்தைகளோடு வந்து தங்கி, குளிருக்கு முன் கீழே இறங்கிவிடும் குடும்பங்களின் கூடாரங்கள் அவை.

நான் வரலாறு சொல்லிக்கொடுக்கிற டீச்சர். பாண்டிய நாட்டுக் குதிரை வணிகத்தை எத்தனையோ வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழி குதிரை வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைக் கோயிலுக்குச் செலவழித்த மாணிக்கவாசகருக்காக, நரியெல்லாம் பரியானது நமக்குத் தெரிந்த கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய மன்னர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதி செய்தார்கள் என்றும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போயின என்றும் எழுதிவைத்தார். வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் அவற்றுக்குப் போட்டார்களாம். அந்த வரியை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டப்படும். புல்லில் பிறந்த ஜீவனை உப்புக்காற்றில் வாரக்கணக்கில் கப்பலில் நிறுத்தி, வந்த இடத்தில் சோறு போட்டுக் கொன்றிருக்கிறோம்.

நம் ஊரில் குதிரை எப்போதும் வெளியூர்க்காரன்தான். ராஜாவுக்கு வந்தது, சாமிக்கு வந்தது, வீட்டுக்கு வந்ததில்லை. அதற்குரிய கொள்ளுதான் வீட்டுக்கு வந்தது. வாரத்தில் இரண்டு நாள் கொள்ளு ரசம் வைக்கும் நாங்கள் குதிரையின் கழுத்தைத் தொட்டதில்லை. மனிதன் குதிரையைப் பழக்கியது யுரேசியப் புல்வெளிகளில், 4,000 ஆண்டுகளுக்கும் முன்பு. சோங்-கோலுக்குத் தென்மேற்கே இருக்கும் ஃபெர்கானாப் பள்ளத்தாக்கின் குதிரைகளுக்காக கி.மு. 104-இல் சீனப் பேரரசர் ஊ படையே அனுப்பினார். இத்தனையும் படித்தவள், அந்த ஏரிக்கரையில் ஒரு செம்பழுப்புக் குதிரையைப் பார்த்து நாக்கு வறண்டு நின்றேன்.

“ஏறுங்கம்மா, நான் பக்கத்துலயே வர்றேன்.”

“வேண்டாங் கண்ணு. நீ போய்ட்டு வா, நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்.”

கூடாரக்காரரின் மகன், பதினைந்து வயதிருக்கும், ஒன்றும் பேசாமல் என் இடது காலைப் பிடித்து அங்கவடிக்குள் வைத்தான். அடுத்த நொடி நான் மேலே. நம் ஊர்ச் சந்தைக் குதிரைகளைவிடக் குட்டையான இனம்தான், என்றாலும் தரை எங்கோ போய்விட்டது. அவன் தன் குதிரையில் ஏறி “சூ!” என்றான். கிளம்பச் சொல்லும் சொல் அது. குதிரைகள் நடந்தன.

நடக்கும்வரை பரவாயில்லை. ஒரு சரிவில் என்னுடைய குதிரை வேகம் எடுத்தது. கடிவாளத்தை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன், அது தலையை உதறியது. இன்னும் இழுத்தேன், இன்னும் உதறியது, வேகம் மட்டும் குறையவில்லை. பையன் வந்து பக்கத்தில் ஒட்டி நிறுத்தினான். ரஷ்ய மொழியில் மகனிடம் ஏதோ சொன்னான். மகன் என்னிடம் சொன்னான்: “அம்மா, முழங்காலால அதோட விலாவை இறுக்கிப் பிடிச்சிருக்கீங்களாம். காலை இறுக்கினா அதுக்குப் போன்னு அர்த்தம். கையில இழுத்தா நில்லுன்னு அர்த்தம். எதைக் கேக்கிறதுன்னு அதுக்குத் தெரியலையாம்.”

குனிந்து என் முழங்கால்களைப் பார்த்தேன். இரண்டும் கிடுக்கி மாதிரி அதன் வயிற்றைக் கவ்விக்கொண்டிருந்தன. என் பயம் அந்த வாயில்லா ஜீவனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவு கொடுத்திருக்கிறது. முதுகில் இருப்பவள் காலால் விரட்டுகிறாள், கையால் வாயைக் கிழிக்கிறாள். பத்து நிமிடமாக அது அதைத் தாங்கிக்கொண்டு வந்திருக்கிறது. எனக்கு வெட்கத்தைவிடப் பாவமாக இருந்தது. அதன் கழுத்தில் கை வைத்தேன். சூடாக இருந்தது. பையன் தன் மூடிய முஷ்டியைக் காட்டி, மெதுவாகத் திறந்து காட்டினான்.

காலைத் தளர்த்துவது லேசில்லை. மனசு சரியென்று சொன்னாலும் தொடை கேட்பதில்லை. மூச்சை முழுசாக விடும்போது மட்டும் கொஞ்சம் இளகும், அதனால் மூச்சை எண்ணிக்கொண்டு போனேன். மேட்டில் முன்னால் சாய், இறக்கத்தில் பின்னால் சாய் என்று பையன் உடம்பாலேயே சொல்லிக்கொடுத்தான். ஏரிக்குப் போகும் ஓர் ஓடையில் குதிரை தானாக நின்று கழுத்தை நீட்டியது. வார் என் விரல்களுக்கிடையே நழுவிப்போக விட்டேன். அது தண்ணீர் குடித்தது. ஒவ்வொரு மடக்குக்கும் அதன் இரண்டு காதுகளும் சின்னதாக முன்னும் பின்னும் அசைந்தன. அசைவுகளை எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போயிற்று. குடித்து முடித்துப் பெருமூச்சு விட்டபோது அதன் உடம்பு முழுவதும் ஒருமுறை சிலிர்த்தது. அந்தியூரில் ஆறு வயதில் தெரிந்த அதே சிலிர்ப்பு. இந்த முறை நான் கத்தவில்லை.

திரும்பி வந்ததும் சேணத்தை அவிழ்த்தார்கள். குதிரை புல்லில் விழுந்து முதுகைத் தேய்த்துப் புரண்டது. எனக்குக் கிண்ணத்தில் கிமிஸ் கொடுத்தார்கள், குதிரைப்பாலைப் புளிக்கவைத்தது. முதல் வாய் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது வாயில் நன்றாகப் புளித்த நீராகாரத்தின் ருசி தெரிந்தது.

கூடாரத்துக்கு வெளியே தரையோடு ஒரு நீளக் கயிறு இழுத்துக் கட்டி, அதில் வரிசையாகக் குட்டிகளைக் கட்டியிருந்தார்கள். தாய்க் குதிரைகளுக்குக் கயிறே கிடையாது, மலை முழுக்க மேயும். குட்டி இங்கே இருப்பதால் பால் கறக்கும் நேரத்துக்கு அவை திரும்பிவிடும். முதலில் குட்டியை ஊட்டவிட்டு, பால் சுரந்ததும் விலக்கிக் கறக்கிறார்கள், நம் ஊரில் கன்றுக்குட்டியை ஊட்டவிட்டுக் கறப்பது போலவே.

இன்னும் நான்கு நாளில் நான் விமானம் ஏறவேண்டும். மகன் டீ எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“கால் வலிக்குதாம்மா?”

“வலிக்குது கண்ணு.”

மேட்டின்மேல் முதல் தாய்க் குதிரை தெரிந்தது. கயிற்றின் கடைசியில் கட்டியிருந்த குட்டி எழுந்து நின்று கனைத்தது.