மழைமுனையின் கறவைக்காரர்கள்

கலிஃபோர்னியாவின் கடலோர மலைகள் கோடையில் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும். பச்சையைப் பார்க்க வேண்டுமானால் மழை பிறக்க வேண்டும். அங்கே மழை நவம்பரில் பிறந்து ஏப்ரலில் ஓயும். 2024 நவம்பர் மூன்றாம் வாரம் பசிபிக் கடலிலிருந்து வந்த ‘வளிமண்டல ஆறு’ ஒன்று சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே கொட்டித் தீர்த்தது. அந்த வெள்ளம் வடிந்த கையோடு நான் பாயின்ட் ரெய்ஸ் தீபகற்பத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். இன்வர்னெஸ் என்ற சிற்றூரில் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு வீடு வாடகைக்குக் கிடைத்திருந்தது. கோடையில் சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் ஊர் மழைக்காலத்தில் காலியாகிவிடும், வாடகையும் இறங்கிவிடும். ஊருக்கு மேற்கே மலைமுகட்டைத் தாண்டினால் மரம் குறைந்து, கடல்வரைக்கும் புல்தான். அந்தப் புல்லில் மாடுகள்.

இது ஒரு தேசியப் பூங்கா. 1962இல் ஜனாதிபதி கென்னடி கையெழுத்திட்ட சட்டத்தால் உருவானது. நான் போன குளிர்காலத்தில் பூங்காவுக்குள் பால்பண்ணைகளும் இறைச்சி மாட்டுப் பண்ணைகளும் இருந்தன; புதிதாக வருபவர்களுக்கு அது வியப்பாக இருக்கும். பண்ணைகள்தான் மூத்தவை, பூங்கா பின்னால் வந்தது. 1850களில், நிலத் தகராறு வழக்குகளை நடத்திக்கொண்டிருந்த ஷாஃப்டர் சகோதரர்கள் என்ற வக்கீல்கள் இந்தத் தீபகற்பத்தின் பெரும்பகுதியைத் தங்கள் வசமாக்கினார்கள். நிலத்தைப் பண்ணைகளாகப் பிரித்து ஆங்கில எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். ‘ஏ’ பண்ணை, ‘பி’ பண்ணை என்று இன்றும் சாலையோரத்தில் பலகை நிற்கிறது. மாடுகளோடு சேர்த்துப் பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டார்கள். அயர்லாந்துக்காரர்களும், சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழி பேசுவோரும், அசோர்ஸ் தீவுகளின் போர்த்துகீசியரும் வந்து கறந்தார்கள். வெண்ணெய் பாய்மரக் கப்பலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. வெண்ணெய் எடுத்த பாலைக் குடித்துக் கொழுத்த பன்றிகளும் அதே கப்பலில் போயின. இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த நிலத்தில் இருந்தவர்கள் கடற்கரை மிவோக் மக்கள். அவர்களிடம் யாரும் குத்தகை கேட்கவில்லை.

தொடக்கத்திலிருந்தே இங்கே நிலம் ஒருவர் கையில், மாடு ஒருவர் கையில், மடி இன்னொருவர் கையில். பூங்கா வந்தபோது அரசு நிலத்தை விலைக்கு வாங்கியது. விற்ற குடும்பங்களே குத்தகைதாரர்களாகத் தங்கி மாடு வளர்த்தன. அடுக்கு மட்டும் மாறவில்லை. நான் போனபோது மடியைத் தொட்ட கைகள் பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து, அதிலும் ஹலிஸ்கோ மாநிலத்திலிருந்து வந்தவை. நான் பார்க்க விரும்பியது அந்தக் கைகளை.

பூங்காவுக்குள் இருந்த ஒரு இயற்கைமுறைப் பால்பண்ணையில் கறவை பார்க்க அனுமதி கிடைத்தது. உரிமையாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வேறு எந்தப் பண்ணைக்கும் போன செருப்போடு வரக்கூடாது. பறவைக் காய்ச்சல் மாடுகளுக்குத் தொற்றிக்கொண்டிருந்த காலம் அது. மாநிலத்தின் நடுவிலுள்ள மத்தியப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான பண்ணைகளில் பரவி, டிசம்பர் 18ஆம் தேதி கலிஃபோர்னிய ஆளுநர் அவசரநிலையே அறிவித்துவிட்டார். வாசலில் கிருமிநாசினித் தொட்டி. அதில் ரப்பர் பூட்ஸை முக்கி எடுத்தபிறகுதான் உள்ளே.

கறவை ஒரு நாளைக்கு இரண்டு முறை. முதல் கறவை விடியலுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. கறவைக்கூடத்தின் நடுவில் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம். கறவைக்காரர் அதில் நிற்கிறார். இருபுறமும் மேடையில் மாடுகள் சாய்வாக வரிசைகட்டுகின்றன. மடி அவர் மார்புக்கு நேராக வந்துவிடுகிறது. குனிய வேண்டாம், குந்த வேண்டாம். ஆனால் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் ஓய்வே கிடையாது.

அங்கே மூத்த கறவைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். இருபதாண்டுகளுக்கு மேலாக அதே பள்ளத்தில் நிற்கிறார். ஸ்பானிஷ் பேசுவார், பள்ளிக்கூடம் போகும் மகள் விடுமுறையாதலால் கூட வந்து எனக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் வேலை செய்யும் வரிசையைக் கவனித்தேன். முதலில் காம்புகளை அயோடின் கலந்த நீரில் நனைக்கிறார். பிறகு ஒவ்வொரு காம்பிலிருந்தும் சில பீய்ச்சல் கையால் எடுத்துத் தரையில் விடுகிறார். விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பாலை ஒரு பார்வை. திரி திரியாக இருக்கிறதா, தண்ணீராக ஓடுகிறதா? பிறகு ஒரு மாட்டுக்கு ஒரு துணி என்ற கணக்கில் துடைக்கிறார். உடனே இயந்திரத்தை மாட்டுவதில்லை. அடுத்த மாட்டுக்கும் அதற்கடுத்ததற்கும் இதே வேலையைச் செய்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்துத் திரும்பிவந்து முதல் மாட்டுக்கு மாட்டுகிறார்.

எதற்கு அந்த ஒரு நிமிடம்? காம்பு தொடப்பட்டதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடாசின் சுரந்து, இரத்தத்தில் மடிக்கு வந்து, பாலை இறக்க அவ்வளவு நேரம் ஆகும். நம்மூரில் கன்றை முதலில் ஊட்டவிட்டு, மாடு சுரப்பு விட்டதும் கன்றை இழுத்துக் கட்டுவார்களே, கன்று செய்யும் அந்த வேலையை இங்கே அவருடைய விரலும் துணியும் செய்கின்றன. அவசரப்பட்டு மாட்டினால் வெறும் மடியை இயந்திரம் இழுக்கும், காம்பு புண்ணாகும். சுரப்பு இறங்கியபின் மாட்டினால் ஐந்தாறு நிமிடத்தில் மடி வற்றிவிடுகிறது. பால் ஓட்டம் குறைந்ததும் இயந்திரம் தானே கழன்றுகொள்கிறது. மறுபடியும் அயோடின் முக்கல்.

ஒரு மாட்டிடம் நின்றார். இயந்திரத்தைக் கையிலெடுத்தவர் மாட்டாமல் கீழே வைத்துவிட்டு, பின்பக்க வலது மடியைப் புறங்கையால் தடவினார். நான்கு குழிகள் உள்ள ஒரு வெள்ளைத் தட்டு வந்தது. ஒவ்வொரு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பால். அதே அளவு ஊதா நிற மருந்துத் திரவம். தட்டை மெல்லச் சுழற்றினார். மூன்று குழிகளில் பால் நீராகவே சுழன்றது. நான்காவதில் கஞ்சிபோலக் கெட்டிப்பட்டு நடுவில் திரண்டது. இதற்குக் கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை என்றே பெயர்; 1957இல் இதே மாநிலத்தின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் உருவானது. தட்டும் திரவமும் எல்லாப் பண்ணைகளிலும் உண்டு. எந்த மாட்டுக்குத் தட்டை எடுக்க வேண்டும் என்பதைத்தான் கை சொல்ல வேண்டும்.

“எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டேன்.

மகள் கேட்டுச் சொன்னாள்: “நேத்து அது வலது காலை ஊன்றின விதம் சரியில்லையாம். இன்னிக்கு வரிசையிலயும் பிந்தி வந்துச்சாம். எப்பவும் அது மூணாவதா வர்ற மாடு.”

இந்தக் கவனிப்புக்கு இங்கே விலை அதிகம். அமெரிக்காவில் இயற்கைமுறைச் சான்றிதழ் பெற்ற பண்ணையில் ஒரு மாட்டுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டால், அந்த மாடு அந்த மந்தைக்குத் திரும்பவே முடியாது. வேதனைப்பட விடவும் கூடாது; மருந்து கொடுத்தாக வேண்டும், கொடுத்தால் விற்றாக வேண்டும். நோயை முதல் நாளே பிடித்துவிட்டால் அடிக்கடி கறந்து, ஒத்தடம் கொடுத்துத் தேற்றிவிடலாம். மூன்றாம் நாள் பிடித்தால் மாடு போச்சு.

மழைக்காலம் இந்த வேலையை இரண்டு மடங்காக்குகிறது. கறந்து முடித்த காம்பின் துவாரம் மூடிக்கொள்ள அரைமணி நேரம் ஆகும். அதற்குள் மாடு சேற்றில் படுத்தால் கிருமி நேராக உள்ளே போகும். அதனால் கறவைக்கூடத்திலிருந்து வெளியே போகும் வழியிலேயே புதுத் தீவனம் கொட்டிவைக்கிறார்கள். தின்றுகொண்டிருக்கும் மாடு படுக்காது. ஈரத்தில் குளம்பு ஊறி மெத்தென்றாகிவிடும். விரலிடுக்கில் புண் வரும். நடைவழியில் ஆழமில்லாத ஒரு தொட்டி. அதில் மயில்துத்தம் கரைத்த நீல நீர். மாடுகள் அதில் இறங்கித்தான் கடக்க வேண்டும். மண் ஊறிக்கிடக்கும் நாட்களில் மேய்ச்சலுக்கு விடுவதில்லை. குளம்பு மிதித்தால் புல்லின் வேரே போய்விடும். கண்ணெதிரே மலை முழுக்கப் பச்சை. மாடுகள் கொட்டகையில் உலர்புல் தின்கின்றன. இந்த முரண் எனக்குத்தான் உறுத்தியது. அவர்களுக்கு அது வழக்கம்.

பாலைவிடச் சாணத்தைப் பற்றித்தான் மழையில் கவலை அதிகம். கழுவிவிடும் சாணநீரெல்லாம் ஒரு குட்டையில் சேர்கிறது. ஊறிய நிலத்தில் அதைப் பாய்ச்சினால் ஓடைவழியாக விரிகுடாவுக்குப் போய்விடும். ஆகவே குளிர்காலம் முழுவதையும் குட்டை தாங்க வேண்டும். கூரைத் தண்ணீர் அதில் கலக்காமலிருக்கத் தனிக் குழாய்கள். இரண்டாவது கறவைக்காரரான இளைஞர் மழை வலுத்த இரவுகளில் டார்ச் விளக்கோடு குட்டைக்கரையைச் சுற்றிவருவார். டொமாலெஸ் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்கள் பெருமழை பெய்தாலே அறுவடையைச் சில நாள் நிறுத்தியாக வேண்டும். கரையிலிருந்து என்னென்ன கிருமி வந்திறங்குமோ என்ற அச்சம்.

இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை ஒரு வழக்கிலும் இடம்பெற்றது. 2022இல் மூன்று சூழலியல் அமைப்புகள் பூங்கா நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடர்ந்தன: பண்ணைகளின் குத்தகையை நீட்டிக்கும் திட்டம் நீரையும் காட்டுயிரையும் கெடுக்கும் என்பது வாதம். அவர்கள் பக்கமும் கணக்கு உண்டு. டூலே எல்க் என்ற மான் கலிஃபோர்னியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. ஒருகாலத்தில் அழிந்துவிட்டதாகவே நினைத்தார்கள். 1978இல் பத்து மான்களைக் கொண்டுவந்து தீபகற்பத்தின் வடமுனையில் வேலிக்குள் விட்டார்கள். 2012–14 வறட்சியில் அந்த மந்தை ஏறக்குறைய பாதியாகிப்போனது. மாட்டுக்காகப் போட்ட வேலிக்குள் மான் செத்ததை மக்கள் மறக்கவில்லை. 2024 டிசம்பரில் அந்த வேலியைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

ஜனவரியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. முதல் தேதி, கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலரானது, சிறிய பண்ணைகளிலும் எட்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஓவர்டைம் கட்டாயமானது. கறவைக்கூடத்தில் அதைப் பற்றித்தான் பேச்சு. எட்டாம் தேதி வழக்கின் சமரசம் அறிவிக்கப்பட்டது: பூங்காவிலுள்ள 12 பண்ணைகள் 15 மாதங்களில் மூட ஒப்புக்கொண்டன. நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு இடையில் நின்று பண்ணைக் குடும்பங்களுக்கு ஈட்டுத்தொகை தர முன்வந்தது. தொகை எவ்வளவு என்பது ரகசியமாக வைக்கப்பட்டது. இருபதாம் தேதி பதவியேற்ற புதிய அரசு குடியேறிகள் மீது கெடுபிடி வரும் என்று முன்பே சொல்லியிருந்தது.

பேச்சுவார்த்தை மேசையில் பூங்கா இருந்தது, வழக்குத் தொடுத்தவர்கள் இருந்தார்கள், குத்தகைதாரர்கள் இருந்தார்கள். கறவைக்காரர்கள் இல்லை. அவர்களுக்கு வேலையும் வீடும் ஒன்று. பண்ணை வீடுகளில்தான் குடும்பத்தோடு குடியிருந்தார்கள். மரின் கவுன்ட்டி அமெரிக்காவிலேயே வீட்டு வாடகை மிக உயர்ந்த இடங்களில் ஒன்று. உதவி உண்டு என்று பிறகு அறிவிப்பு வந்தது. ஆனால் உதவி வேறு, மேசையில் நாற்காலி வேறு.

அடுத்தமுறை போனபோது கறவைக்கூடத்தில் மாற்றமொன்றும் தெரியவில்லை. அதே அயோடின், அதே துணி, அதே ஒரு நிமிடம். மூடப்போகும் பண்ணையில் எதற்கு இவ்வளவு அக்கறை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பெரியவரே சொன்னார்; மகள் மொழிபெயர்த்தாள்:

“மாடுங்களை ஏலத்துல வாங்கிக்குவாங்க. ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு பால், எத்தனை ஈத்துன்னு தாள் இருக்கு. எங்களுக்குத் தாள் கிடையாது.”

இளைஞர் மத்தியப் பள்ளத்தாக்கில் விசாரித்திருக்கிறார். அங்கே ஆயிரக்கணக்கில் மாடுகள். மாடு நிற்கும் மேடை சுழலும், ஆள் ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார். ஒருவர் துடைப்பார், ஒருவர் மாட்டுவார், ஒருவர் முக்குவார். எந்த மாடு மூன்றாவதாக வரும் என்று அங்கே யாரும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

மானுக்கு நிலம் திரும்புவதை நான் வரவேற்கிறேன். ஓடைகள் தெளிய வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. பண்ணைக் குடும்பங்கள் நான்கைந்து தலைமுறை உழைப்புக்கு ஈடு பெறுவதும் நியாயம்தான். ஆனால் சமரசத் திட்டத்தையே படித்தால் ஒன்று தெரிகிறது: மாடு இந்த நிலத்தைவிட்டு முழுதாகப் போகப்போவதில்லை. மேய்ச்சல் அடியோடு நின்றால் புல்வெளியைப் புதர் மூடிவிடும். அதனால் குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட காலத்துக்கு, புல்லைக் காக்கவென்றே மாடுகளை மேயவிடப்போகிறார்கள். அப்படியானால் எந்த வயல் முதல் மழைக்கே சேறாகும், எந்தச் சரிவில் புல் முதலில் எழும், எந்த நாளில் மாட்டை உள்ளே கட்ட வேண்டும் என்று தெரிந்த ஆட்கள் அவர்களுக்குத் தேவை. அந்த ஆட்கள் அப்போதே அங்கேதான் குடியிருந்தார்கள். நிலத்தைச் சீர்செய்ய வெளியிலிருந்து வல்லுநர்களைத் தேடுவதற்கு முன்னால், கறவைக்கூடத்துப் பள்ளத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டுச் சம்பளமும் வீடும் கொடுத்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கருணை என்று அதற்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. வேலை தெரிந்தவருக்கு வேலை, அவ்வளவுதான்.